மிதிவண்டி மாவீரர் ஃபௌஸ்டோ கோப்பி

மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிதிவண்டி புதிய பொருளன்று. 1953இல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனமும், 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றி ஜாலஹள்ளி தொழில் நகரமான காலத்தில், சோற்றுப் பாத்திரத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வடக்கு நோக்கிச் சென்ற மிதிவண்டி வரிசைகளை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். எதிர்க்காற்று வீசும் நாளில், முன்னே செல்பவரை ஒட்டிப் பின்னே சென்றால் கால் நோவு குறையும் என்பது அவர்கள் எந்த நூலையும் படிக்காமலே கண்டறிந்த உண்மை. அந்தச் சிறிய உண்மைதான் ஐரோப்பிய நாடுகளில் நடைபெறும் மாபெரும் மிதிவண்டிப் பந்தயங்களுக்கு ஆணிவேராக விளங்குகிறது.

அதே ஜாலஹள்ளிக்கு வேறொரு பழைய நினைவும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலை நிலத்தில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட இத்தாலியப் படைவீரர்கள் பலர் கடல் கடந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஜாலஹள்ளிப் பக்கத்து முகாம்களில் கைதிகளாக வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் நாட்டின் தலைசிறந்த மிதிவண்டி வீரரும் அதே போரில், அதே ஆப்பிரிக்க மண்ணில் கைதியானவரே. அவரை இந்தியாவுக்கு அனுப்பாமல் ஆப்பிரிக்க முகாமிலேயே வைத்திருந்தனர். அவர் பெயர் ஃபௌஸ்டோ கோப்பி.

கோப்பி பெற்ற பரிசுகளை வரிசைப்படுத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரே துறையில், ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இரு பெரியோர் தோன்றினால் என்ன நேரும்? ஒருவர் கழுத்தில் விழும் மாலைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு மறைந்து கிடக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் அவர் வாழ்க்கை விடை தருகிறது. ஊர்விட்டு ஊர் வந்து, சங்கம் அமைத்துக் கூடி வாழும் நமக்கு இவை அயலார் செய்திகளல்ல.

பிறப்பும் இளமையும்

கோப்பி 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், வட இத்தாலியில் பியட்மாண்ட் பகுதியைச் சேர்ந்த காஸ்டெல்லானியா என்னும் சிற்றூரில் பிறந்தார். குன்றின்மேல் சில வீடுகளே கொண்ட ஊர் அது. தந்தையார் டொமெனிகோ, தாயார் ஆஞ்சியோலினா. ஐந்து குழந்தைகளில் நான்காமவர் ஃபௌஸ்டோ. உழவுத் தொழில் குடும்பத்தை வளமாக வைக்கவில்லை. சிறுவனோ மெலிந்த உடலும், நீண்ட கால்களும், எளிதில் முறியும் எலும்பும் உடையவன். அவன் உடலமைப்பைக் கண்ட எவரும் பின்னாளில் உலகப் புகழ் பெறுவான் என்று எண்ணியிருக்க வழியில்லை.

13ஆம் வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள நோவி லிகுரே நகரில் ஒரு கசாப்புக் கடையில் வேலைக்கு அமர்ந்தான். வாடிக்கையாளர் வீடுகளுக்கு மிதிவண்டியில் இறைச்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் பணி. மேடும் பள்ளமுமான வழிகளில் நாள்தோறும் வண்டி மிதித்ததே முதற்பயிற்சியாயிற்று. கப்பலில் பணியாற்றிய சிற்றப்பா ஒருவர் அளித்த பொருளுதவியால் பந்தய வண்டி ஒன்றும் கிடைத்தது.

அந்நகரில் பியாஜோ கவான்னா என்னும் பெரியவர் ஒருவர் இருந்தார். முன்னாளில் குத்துச்சண்டை வீரர். பின்னர்க் கண்பார்வையை முற்றும் இழந்தவர். மிதிவண்டி வீரர்களின் உடலைப் பிடித்துவிடுவதும் அவர்களைப் பயிற்றுவதும் அவர் தொழில். கண்ணில்லாத அவர் விரல்களால் தடவியே ஒருவனுடைய தசையின் திறனை மதிப்பிடுவார். கோப்பியின் திறனை முதன்முதலில் கண்டறிந்தவை அந்த விரல்களே. உணவு, உறக்கம், பயிற்சி ஆகிய அனைத்திலும் கவான்னா சொன்னதே கோப்பிக்கு வேதமாயிற்று.

பந்தயத்தின் நுட்பம்

கோப்பியின் வரலாற்றை உணர்வதற்கு அப்பந்தயங்களின் முறையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். பிரான்ஸ் நாட்டைச் சுற்றும் டூர் டி பிரான்ஸ் 1903இலும், இத்தாலியைச் சுற்றும் ஜிரோ டி இத்தாலியா 1909இலும் தொடங்கப்பெற்றன. இரண்டையும் தொடங்கியவை செய்தித்தாள்களே. பிரெஞ்சு இதழ் மஞ்சள் தாளிலும் இத்தாலிய இதழ் இளஞ்சிவப்புத் தாளிலும் அச்சாயின. அதனால் முன்னணியில் நிற்பவருக்கு அங்கே மஞ்சள் சட்டையும் இங்கே இளஞ்சிவப்புச் சட்டையும் அடையாளமாயின. ஏறத்தாழ மூன்று வார காலம், நாளுக்கு ஒரு கட்டமாகப் பந்தயம் நடைபெறும். எல்லாக் கட்டங்களுக்கும் ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்து, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வென்றவராவார்.

பரிசு ஒருவருக்கே செல்லினும் போர் குழுக்களுக்கிடையே நிகழும். இதற்குக் காரணம் காற்றுதான். வேகமாகச் செல்பவன் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போய்விடுகிறது. முன்னே ஒருவன் காற்றைத் தாங்கிச் செல்ல, அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னே செல்பவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. ஆகவே ஒவ்வொரு குழுவும் ஒரு தலைவனைக் கொண்டு, மற்றவரை அவனுக்குத் துணைவராக ஆக்கியது. துணைவர் முறைவைத்து முன்னே சென்று காற்றைத் தாங்குவர். வழியில் நீர்க்குடுவைகளை வாங்கி வந்து தருவர். தலைவனுடைய சக்கரம் பஞ்சரானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரத்தில் நிற்பர். மாற்றார் எவரேனும் கூட்டத்தை விட்டு முன்னே ஓடினால், தம் குழுவினன் ஒருவனையும் அவருடன் ஒட்டி அனுப்புவர். அவன் அங்கே உழைக்கமாட்டான், காவலனாகச் செல்வான். பின்னால் தலைவன் எட்டிப் பிடிக்கும்போது புத்துணர்ச்சியோடு அவனுக்கு உதவுவான். மலை தொடங்கியதும் துணைவர் ஒவ்வொருவராகக் களைத்து விலக, தலைவன் தனித்துப் பாய்வான்.

திருவிழாவில் தேர் இழுக்கும் காட்சியை நாம் அறிவோம். வடம் பிடிப்போர் பலர். மாலை ஏறுவது தேரின் மேலிருப்பவர்க்கு மட்டுமே. இத்தாலிய மொழியில் அத்துணைவர்களுக்குக் கிரெகாரியோ என்று பெயர். மிதிவண்டிப் பந்தயத்தின் வடம் பிடிப்போர் அவர்களே.

துணைவர் தலைவரானார்

கோப்பி தம் வாழ்க்கையைத் தொடங்கியது அத்தகைய துணைவராகத்தான். 1940இல் லென்யானோ என்னும் மிதிவண்டி நிறுவனத்தின் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வயது 20. குழுவின் தலைவர் ஜீனோ பார்டாலி. 1914இல் ஃபிளாரன்ஸ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்த பார்டாலி, 1938இல் டூர் டி பிரான்ஸை வென்று நாடெங்கும் போற்றப்பெற்றவர். ஆழ்ந்த இறைப்பற்று உடையவர்.

அவ்வாண்டு ஜிரோவின் இரண்டாம் கட்டத்திலேயே, இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வர, பார்டாலி விழுந்து காயமுற்றார். தலைவர் பின்தங்கினார். ஃபிளாரன்ஸிலிருந்து மொடீனாவுக்குச் செல்லும் கட்டத்தில், அபெடோனே மலையில் இளைஞர் கோப்பி தனித்துப் பாய்ந்து இளஞ்சிவப்புச் சட்டையைக் கைப்பற்றினார். குழு நிர்வாகி பவேசி மாறிய நிலைமையை உணர்ந்து, இனி இளைஞருக்கே அனைவரும் துணை நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். பார்டாலியும் தம் மனக்குறையை விழுங்கிக்கொண்டு, டோலமைட் மலைகளில் கோப்பி சோர்ந்தபோது அவரை ஊக்கி அழைத்துச் சென்றார். ஜூன் 9ஆம் நாள் மிலான் நகரில் கோப்பி வெற்றி பெற்றார். 20 வயதில் ஜிரோவை வென்ற அவரினும் இளையவர் எவரும் அதனை இதுவரை வென்றதில்லை. மறுநாள் ஜூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கியது.

தலைவருக்குப் பணி செய்ய வந்தவர் தலைவரையே மிஞ்சிவிட்டார். இத்தாலியின் இருபெரும் வீரர்களுக்கிடையே நீண்டகாலம் எரிந்த பகைத் தீ மூண்டது இங்கேதான்.

போரும் சிறையும்

போர்க் காலத்திலும் கோப்பி ஓய்ந்திருக்கவில்லை. 1942ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், மிலான் நகர ஓட்டத் திடலில் ஒரு மணி நேரத்தில் 45.798 கிலோமீட்டர் சென்று உலகச் சாதனை நிகழ்த்தினார். அச்சாதனை 1956 வரை முறியடிக்கப்படவில்லை. ஆனால் படை அவரை விடவில்லை. காலாட்படை வீரராக டூனிசியாவுக்கு அனுப்பப்பட்டு, 1943 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் கைதியானார். ஒரு வீரனின் வாழ்வில் வலிமை மிக்க ஆண்டுகள் முள்வேலிக்குள் கழிந்தன. 1945இல் தாயகம் மீண்டார்.

பார்டாலியோ போரின்போது இத்தாலியிலேயே இருந்தார். நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஒளிந்திருந்த யூத மக்களுக்குப் போலிச் சான்றுகள் கொண்டுசெல்லும் பணியில் அவர் ஈடுபட்டார் என்பது அவர் மறைவுக்குப் பின்னரே பரவலாக அறியப்பட்டது. 2013இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. இரு வீரர்களில் ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்று பிரித்துவிட முடியாது என்பதற்காகவே இதை ஈண்டுக் குறித்தோம்.

இரு முகாம்கள்

போருக்குப்பின் கோப்பி பியாங்கி என்னும் நிறுவனத்தின் குழுவுக்கு மாறினார். வெளிர்நீலச் சட்டை அணிந்த பியாங்கிக் குழு ஒருபுறம்; பார்டாலியின் குழு மறுபுறம். 1946 மார்ச் மாதம் மிலான் முதல் சான் ரெமோ வரை நடைபெறும் ஒருநாள் பந்தயத்தில் கோப்பி தனித்துச் சென்று, இரண்டாமவருக்கு 14 நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். ஆயினும் அவ்வாண்டு ஜிரோவில் பார்டாலியே 47 நொடி வேறுபாட்டில் வென்றார். 1947இல் கோப்பி வென்றார்.

போரால் சிதைந்த நாட்டில் மக்கள் இரு கட்சியாயினர். பழமைப் பற்றும் சமயப் பற்றும் உடையோர் பார்டாலியைப் போற்றினர். புதுமை விரும்பியோர் கோப்பியைப் போற்றினர். தேநீர்க் கடையில் இரு நடிகர்களின் ரசிகர்கள் வாதிட்டுக் கைகலந்த காட்சிகளைக் கண்ட நமக்கு அந்நிலையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஒருவர் அசைந்தால் மற்றவர் அசைவார். ஒருவர் குடிக்கும் நீரை மற்றவர் ஐயத்தோடு நோக்குவார். பார்டாலி களைப்புறும் நேரத்தை முன்னறிய அவருடைய காலின் நரம்புப் புடைப்பைக் கவனிக்கும்படி கோப்பியின் முகாமில் துணைவர் ஒருவரை ஏவியதாகவும் கூறுவர்.

இப்போட்டி எல்லை கடந்தபோது விளைந்தது என்ன? 1948ஆம் ஆண்டு உலக வாகையர் பந்தயம் ஹாலந்து நாட்டின் வால்கன்பர்க்கில் நடைபெற்றது. அங்கே இருவரும் இத்தாலியின் ஒரே சட்டையை அணிந்து சென்றனர். ஆனால் இருவர் நெஞ்சிலும் ஓர் எண்ணமே இருந்தது: தான் வெல்லாவிடினும் மற்றவன் வென்றுவிடக் கூடாது. ஒருவரையொருவர் கண்காணித்தபடி கூட்டத்தின் பின்னே மெல்லச் சென்றனர். மற்ற நாட்டார் முன்னேறிப் போயினர். இறுதியில் இருவரும் பந்தயத்தை முடிக்காமலே விலகினர். உலகின் தலைசிறந்த இருவர், தோற்றவர் பட்டியலிலும் இடம்பெறாமல் வீடு திரும்பினர். நாட்டு மக்கள் வெகுண்டனர். இத்தாலிய மிதிவண்டிக் கழகம் இருவரையும் தண்டித்தது.

இலக்கை மறந்து எதிரியை மட்டும் நோக்குபவன், எதிரியோடு தானும் கெடுவான். இவ்வுண்மைக்கு வால்கன்பர்க்கை விடத் தெளிவான சான்று காண்பது அரிது.

ஒரே சட்டையில் இருவர்

அடுத்த ஆண்டு 1949. ஜூன் 10ஆம் நாள், ஜிரோ பந்தயத்தின் கூனியோ முதல் பினரோலோ வரையிலான கட்டம். 254 கிலோமீட்டர் தொலைவு. வழியில் ஐந்து மலைக் கணவாய்கள். முதல் கணவாயிலேயே கோப்பி பிரிந்து சென்றார். ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரம், மழையிலும் சேற்றிலும் துணையின்றித் தனியே மிதித்தார். இரண்டாவதாக வந்த பார்டாலி 11 நிமிடம் 52 நொடி பின்தங்கியிருந்தார். மூன்றாமவர் வருவதற்கு மேலும் பல நிமிடங்களாயின. மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் இதற்கு ஒப்பான நாள் மிகச் சிலவே.

ஜிரோ முடிந்ததும் டூர் டி பிரான்ஸ் வந்தது. இங்கேதான் பெருஞ்சிக்கல். 1930 முதல் 1961 வரை டூர் பந்தயத்தில் நிறுவனக் குழுக்களுக்கு இடமில்லை. நாட்டுக் குழுக்களே பங்கு பெற்றன. ஆண்டு முழுவதும் எதிரெதிர் முகாம்களில் நின்ற கோப்பியும் பார்டாலியும் ஒரே குழுவில் செல்ல வேண்டும். குழுவை நடத்தும் பொறுப்பு அல்ஃபிரெடோ பிண்டாவிடம் இருந்தது. பிண்டா சாதாரண மனிதரல்லர்; ஜிரோவை 5 முறையும் உலக வாகையர் பட்டத்தை 3 முறையும் வென்றவர். அவரைத் தோற்கடிக்க எவராலும் இயலாமையால், 1930இல் ஜிரோ நடத்தியவர்கள் அவருக்குப் பரிசுத் தொகையைக் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்தனர் என்பது வேடிக்கையான வரலாறு. அத்தகையவர் சொன்னால்தான் இவ்விருவரும் கேட்பர். பந்தயத்திற்கு முன்னரே இருவரையும் எதிரெதிரே அமர வைத்து, பொது நலத்திற்கு இசைந்து நடப்பதாக உடன்பாடு செய்வித்தார் பிண்டா.

உடன்பாட்டுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. ரூவான் முதல் சென் மாலோ வரை நடந்த ஐந்தாம் கட்டத்தில் கோப்பி விழுந்தார், வண்டி உடைந்தது. அவருக்கு ஏற்ற மாற்று வண்டி பிண்டாவின் காரில் இருந்தது. அந்தக் காரோ பின்னால் எங்கோ தங்கிவிட்டது. கோப்பியின் மனத்தில் நச்சு எண்ணம் புகுந்தது. பார்டாலிக்காகவே தம்மைக் கைவிட்டனர் என்று கருதி, பந்தயத்தை விட்டே விலக முற்பட்டார். பிண்டா வந்து சேர்ந்து, அன்றிரவு நெடுநேரம் பேசி அவரைத் தேற்றினார். முன்னணியில் நின்ற பிரெஞ்சு இளைஞர் மாரினெல்லியை விடக் கோப்பி அப்போது 36 நிமிடத்திற்கு மேல் பின்தங்கியிருந்தார். எவரும் கைவிட்டிருக்கக்கூடிய நிலை அது.

ஆனால் பந்தயம் ஆல்ப்ஸ் மலையை அடைந்தது. ஜூலை 18ஆம் நாள், கான் முதல் பிரியான்சோன் வரையிலான கட்டத்தில் கோப்பியும் பார்டாலியும் சேர்ந்து, முறைவைத்துக் காற்றைத் தாங்கி, மற்ற எல்லாரையும் பின்னே விட்டு முன்னேறினர். அன்று பார்டாலிக்கு 35ஆம் பிறந்தநாள். கட்டத்தின் வெற்றியை அவருக்கே விட்டுக்கொடுத்தார் கோப்பி. மஞ்சள் சட்டையும் பார்டாலிக்குச் சென்றது.

மறுநாள் இத்தாலிய எல்லைக்குள் அவோஸ்டாவை நோக்கி இருவரும் மீண்டும் சேர்ந்து சென்றனர். வழியில் பார்டாலியின் சக்கரம் பஞ்சராயிற்று. பின்பு அவர் விழுந்தும் விட்டார். கோப்பி வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். பின்வருவோர் நெருங்கிவிட்டால் இருவர் பெற்ற பயனும் வீணாகும் என்று கண்ட பிண்டா, இனிக் காத்திராமல் செல்லுமாறு கோப்பிக்கு ஆணையிட்டார். கோப்பி பறந்தார், கட்டத்தையும் மஞ்சள் சட்டையையும் வென்றார். 21 கட்டங்களும் 4,800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவும் கொண்ட அப்பந்தயத்தின் முடிவில், பாரிஸ் நகரில் கோப்பி முதல்வர். 10 நிமிடம் 55 நொடி பின்னே பார்டாலி இரண்டாமவர். ஒரே ஆண்டில் ஜிரோவையும் டூரையும் வென்ற முதல் வீரர் கோப்பியே.

1948இல் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட அதே இருவர், 1949இல் உலகையே வென்றனர். பகை மறைந்துவிட்டதா? இல்லை. அதற்கு ஒரு வரம்பு கட்டப்பட்டது, அவ்வளவே. ஆற்றுக்குக் கரை இருந்தால் பாசனம். கரை உடைந்தால் வெள்ளம்.

துணைவர் சிந்திய கண்ணீர்

1951இல் கோப்பியின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அவர் தம்பி செர்ஸேயும் மிதிவண்டி வீரர். அண்ணனுக்கு உற்ற துணைவர். 1949இல் பாரிஸ்–ரூபே பந்தய வெற்றியை மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டவர். ஜூன் 29ஆம் நாள் பியட்மாண்ட் பந்தயத்தில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார். எழுந்து பந்தயத்தை முடித்தார். ஆனால் தலைக்காயத்தால் அன்றே உயிர் துறந்தார். சில நாட்களில் டூர் சென்ற கோப்பி, துயரம் நெஞ்சை அழுத்த, நடுவழியில் நிலைகுலைந்து பத்தாமவராக முடித்தார்.

இனி எழமாட்டார் என்று பலர் எண்ணிய கோப்பி, 1952இல் மீண்டும் எழுந்தார். அவ்வாண்டு டூரில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, பெரிய வெற்றிகளைவிட நம் நெஞ்சைத் தொடுகிறது. கோப்பியின் துணைவர்களில் ஆண்ட்ரேயா காரேயா என்பவர் ஒருவர். கண்ணிழந்த கவான்னாவின் பயிற்சியில் வளர்ந்தவர். போர்க்காலத்தில் ஜெர்மானியரின் புகன்வால்ட் வதைமுகாமில் வாடி உயிர் தப்பியவர். முல்ஹவுஸ் முதல் லோசான் வரையிலான கட்டத்தில் சிலர் கூட்டத்தை விட்டு முன்னே ஓடினர். குழுவின் வழக்கப்படி காரேயா காவலாக அவர்களுடன் ஒட்டிச் சென்றார். பின்னால் வந்த கூட்டம் அவர்களைத் துரத்தவில்லை. முடிவில் நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது மஞ்சள் சட்டை காரேயாவுக்கே உரியதாயிற்று.

செய்தி சொல்ல வந்தவர்களைக் கண்டு காரேயா திடுக்கிட்டார். வாழ்நாளெல்லாம் நீர் சுமந்த தொண்டருக்கு உலகின் மிகப் பெரிய சிறப்புக் கிடைத்தது, அவரோ அழுதார். தலைவருக்குரியதைத் தாம் எடுத்துக்கொண்டதாகக் கருதுவாரோ என்று அஞ்சினார். கோப்பி சினங்கொள்ளவில்லை, மகிழ்ந்து வாழ்த்தினார். மறுநாள், ஜூலை 4ஆம் நாள், டூர் வரலாற்றில் முதன்முறையாகப் பந்தயம் ஆல்ப் துவே என்னும் மலையுச்சியில் முடிந்தது. அங்கே கோப்பி வென்று மஞ்சள் சட்டையைத் தாமே பெற்றார். காரேயாவின் பெருமை ஒரு நாளே நீடித்தது. 2013இல் அவர் காலமானபோது, அந்த ஒரு நாளையே உலகம் நினைவு கூர்ந்தது.

அதே பந்தயத்தில் மலையேற்றம் ஒன்றில் பார்டாலியும் கோப்பியும் ஒரு நீர்க்குடுவையைக் கைமாற்றும் காட்சியைப் புகைப்படக்காரர் ஒருவர் எடுத்தார். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று இத்தாலியர் பல ஆண்டுகள் வாதிட்டனர். இருவரும் தாமே கொடுத்ததாகக் கூறினர். வாதம் எதுவாயினும், கோப்பியின் சக்கரம் பஞ்சரானபோது 38 வயதை எட்டிய பார்டாலி தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார் என்பது நினைவில் நிற்க வேண்டிய செய்தி. 12 ஆண்டுகளுக்கு முன் தமக்குத் துணைவராக வந்தவருக்குத் தாமே துணைவரானார் அப்பெரியவர். கோப்பி அந்த டூரை 28 நிமிடத்திற்கு மேற்பட்ட வேறுபாட்டில் வென்றார். போட்டியே அற்றுப்போயிற்று என்று அஞ்சிய அமைப்பாளர்கள், இரண்டாம் இடத்துக்கான பரிசுத் தொகையை இடையிலேயே உயர்த்த வேண்டியதாயிற்று.

கடைசிப் பெருவெற்றி

1953 ஜிரோவில் சுவிட்சர்லாந்து வீரர் ஹியூகோ கோப்லெ ஏறத்தாழ 2 நிமிடம் முன்னணியில் இருந்தார். முடிவுக்கு ஒரு நாள் முன்பு 2,758 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய் முதன்முறையாகப் பந்தயத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. கோப்பியின் துணைவர் எத்தோரே மிலானோ, புகைப்படம் எடுக்கும் சாக்கில் கோப்லெயைக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் செய்து, அவர் கண்களில் உறக்கமின்மையைக் கண்டு வந்து கூறினார் என்பர். மலையில் தெஃபிலிப்பிஸ் என்னும் இளைஞர் முதலில் பாய, கோப்லெ அவரைத் துரத்திக் களைத்தார். அந்நேரம் பார்த்துக் கோப்பி புறப்பட்டார். பனிச்சுவர்களுக்கிடையே தனித்துச் சென்று கட்டத்தையும் ஐந்தாம் ஜிரோவையும் வென்றார். அவ்வாண்டே லுகானோவில் உலக வாகையர் பட்டமும் பெற்றார்.

குறைகளை மறைத்துப் புகழ் பாடுவது வரலாறாகாது. அக்காலத்தில் தடை செய்யப்படாத ஊக்க மருந்துகளைத் தேவை நேர்ந்தபோது உட்கொண்டதைக் கோப்பி வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இல்லறத்திலும் புயல் வீசியது. மணமான அவர் மற்றொரு மணமான பெண்மணியுடன் வாழத் தலைப்பட்டமையால், அந்நாளைய இத்தாலியச் சட்டப்படி இருவரும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. மலைகளில் மாலை சூட்டிய மக்களே தெருவில் தூற்றினர்.

கொய்னா தராத கொடுமை

1959 டிசம்பரில், இன்று புர்கினா ஃபாஸோ எனப்படும் அப்பர் வோல்டா நாட்டின் தலைநகரில் நடந்த காட்சிப் பந்தயத்திற்குக் கோப்பி சென்றார். உடன் சென்றவர்களில் பிரெஞ்சு வீரர் ரஃபேல் ஜெமினியானியும் ஒருவர். பந்தயத்திற்குப்பின் வேட்டையும் நடந்தது. ஊர் திரும்பிய இருவரும் கடுங்காய்ச்சலில் விழுந்தனர். பிரான்ஸில் ஜெமினியானியின் இரத்தத்தைச் சோதித்து மலேரியா என்று கண்டு கொய்னா கொடுத்தனர். அவர் பிழைத்து, 2024 வரை 99 ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் குடும்பத்தார் இத்தாலிக்கும் செய்தி அனுப்பினர். கோப்பியைக் கவனித்த மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. நுரையீரல் நோய் என்றே முடிவு செய்து மருத்துவம் செய்தனர். 1960 ஜனவரி 2ஆம் நாள் டோர்டோனா நகர மருத்துவமனையில், 40ஆம் வயதில் கோப்பி மறைந்தார்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தவர் ரொனால்டு ராஸ். கொசுக்கள் தேங்கிய நீரில் பெருகுவதை அவர் முதலில் ஊன்றிக் கவனித்தது, 1883இல் நம் பெங்களூரில் பணியாற்றியபோதே. கொய்னா தரும் சிங்கோனா மரங்களோ நம் நீலகிரியில் நடுவட்டத்தில் வளர்க்கப்பட்டவை. இந்நாட்டுச் சிற்றூர்த் தபால் நிலையங்களில் கூடச் சில காசுக்கு விற்கப்பட்ட மருந்து அது. மலைகளையெல்லாம் வென்றவர் அச்சிறு மாத்திரை இன்றி மாண்டார். அயலார் சொன்ன நல்லுரைக்குச் செவிசாய்க்காமை எத்துணைக் கேடு தரும்!

நிறைவுரை

கோப்பியின் நினைவாக, ஜிரோ பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் வரும் மிக உயர்ந்த கணவாய்க்கு 1965 முதல் கோப்பிச் சிகரம் என்று பெயரிடுகின்றனர். பிறந்த ஊரும் 2019 முதல் காஸ்டெல்லானியா கோப்பி என அவர் பெயரைத் தாங்குகிறது. பார்டாலி 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்து மறைந்தார்.

அன்பர்களே! கோப்பி ஒருவராக நின்று வென்றாரா? கண்ணிழந்த கவான்னாவின் விரல்கள், செர்ஸேயின் தோழமை, காரேயாவின் நீர்க்குடுவை, பிண்டாவின் நடுநிலை, மாற்றாரான பார்டாலியின் சக்கரம் ஆகிய அனைத்தும் சேர்ந்த வெற்றியே அது. விழா மேடையில் தோன்றுபவர் சிலர். பந்தல் கட்டி, பாய் விரித்து, வீடுதோறும் சென்று சந்தா திரட்டி, விழா முடிந்தபின் நாற்காலி மடக்கி வைப்பவர் பலர். அவர்கள் பெயர் அழைப்பிதழில் அச்சாவதில்லை. ஆயினும் முன்னே நின்று காற்றைத் தாங்குபவர்கள் அவர்களே. போட்டி இருக்கட்டும், அது நம்மை விரைவுபடுத்தும். ஆனால் வால்கன்பர்க்கில் இருவர் செய்தது போல், மற்றவர் வெல்லாதிருக்க நாம் நின்றுவிட வேண்டா. அவோஸ்டா செல்லும் மலைவழியில் அவர்கள் செய்தது போல், ஒருவர் களைக்கும்போது மற்றவர் முன்னே சென்று காற்றைத் தாங்குவோமாக!